வைரசின் கூடும் மனிதப் பரம்பரையலகின் முத்திரையும்

நோய் கொடுக்கும் வைரசு ஒன்றின் கூட்டை மாத்திரம் வைத்துக்கொண்டு, அதனுள் இருந்த தீங்கான கட்டளைகளையெல்லாம் அகற்றி, அவ்விடத்தில் மனிதனுடைய பரம்பரையலகு ஒன்றை, பின்னர் இனங்கண்டுகொள்வதற்கு உதவும் சிறியதொரு முத்திரையோடு பொருத்தி, ஆய்வுகூடத்தில் வளரும் கலங்களுக்குள் செலுத்துகின்ற வித்தை, சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் உயிரியல் ஆராய்ச்சியின் அன்றாடக் கருமங்களில் ஒன்றாகிவிட்டது. லென்டிவைரசு என்னும் வகையிலிருந்து ஆக்கப்பட்ட இத்துணிக்கைகளில், கேட்ட பரம்பரையலகை முத்திரையுடன் ஏற்றி, சிறு குப்பிகளில் உறையவைத்து விற்கின்ற வணிக நிலையங்கள் மேல்நாடுகளில் பல உண்டு. பட்டியலில் பெயரைப் பார்த்துப் பணத்தைக் கட்டினால் குப்பி வந்து சேரும். வாங்குவது இவ்வளவு சுலபமாகிவிட்டதனாலேயே, உள்ளே இருப்பது என்ன, அது காட்டுவது எது, காட்டாமல் விடுவது எது என்ற விசாரணை குன்றிவிட்டதோ என்று ஐயுற இடமிருக்கிறது. இவ்விஷயத்தைப் பற்றி எழுதுவோரிற் பெரும்பாலோர் வாகனமாகிய வைரசின் சாமர்த்தியத்தையும் அபாயத்தையும் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, முத்திரையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. வாகனம் பரம்பரையலகைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே தவிர, சேர்ந்தது அங்கே என்ன செய்தது என்று சாட்சி சொல்வது முத்திரைதான். அந்தச் சாட்சி பொய்த்தால் ஆராய்ச்சி முழுவதும் பொய்த்துவிடும்.

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்தெடுத்து வாழும் மக்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் குருதி வழியாக வருகிறது. அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

லென்டிவைரசுகளின் கதை மனிதரிடத்தில் ஆரம்பிக்கவில்லை, செம்மறியாடுகளிடத்தில் ஆரம்பித்தது. 1933இல் ஜெர்மனியிலிருந்து கரகுல் இனத்து ஆடுகளை ஐஸ்லாந்துத் தீவுக்கு இறக்கியபோது அவற்றுடன் கூடவே இறங்கிய ஏதோவொன்று, வருஷக்கணக்கில் அரவமின்றிக் கிடந்து, பிறகு மந்தை மந்தையாக உள்நாட்டு ஆடுகளை மாய்த்தது. தொற்றிய பின் நெடுங்காலம் உறங்கி, மெல்ல மெல்லக் கொல்லும் இத்தகைய நோய்களை பியோர்ன் சிகுர்ட்சன் என்ற ஐஸ்லாந்து வைத்தியர் 1954இல் தனியொரு வகுப்பாகப் பிரித்துக் காட்டினார். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொந்தாஞ்ஞே முதலியோர் பிரித்தெடுத்த வைரசு, நாம் எச்.ஐ.வி. என்று அறிந்திருப்பது, அந்த ஆட்டு வைரசுக்கு நெருங்கிய உறவு என்பது பின்னர் தெளிவாயிற்று.

தமிழர் இக்கதைக்குள் வருவது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் அவர்களின் மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா, தாம் அரும்பாடுபட்டுத் திரட்டிய குருதி மாதிரிகளைச் சோதிக்கும் வசதி நகரிலே இல்லாமையால், அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கணவரின் துணையோடு ரயிலேறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே சோதனைத் தட்டில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின, இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்ற செய்தி அந்த மஞ்சளிலிருந்துதான் பிறந்தது. வைரசைக் கண்ணாற் கண்டவர் அங்கு எவருமில்லை. குருதியிலிருந்த பிறபொருளெதிரியோடு நிறம் தரும் நொதியம் ஒன்றைப் பிணைத்து, கண்ணுக்கெட்டாததைக் கண்ணுக்கெட்ட வைத்தார்கள் என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். முத்திரையின் தத்துவம் அதுவே.

பத்து ஆண்டுகள் கழித்து, 1996இல், கலிபோர்னியாவின் சால்க் நிலையத்தில் லுயிஜி நால்தினி, இந்தர் வர்மா, திதியே த்ரோனோ முதலியோர் அந்த எச்.ஐ.வி.யையே வாகனமாக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் உபயோகத்திலிருந்த ரெட்ரோவைரசு வாகனங்களுக்குப் பெரியதொரு குறை இருந்தது: கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் மாத்திரமே அவை அதன் கருவுக்குள் நுழைய முடியும். நரம்புக் கலம் போலப் பிரியாதிருக்கும் கலங்கள் அவற்றுக்கு அடைத்த கதவு. எச்.ஐ.வி.யோ பிரியாத கலத்தின் கருவுக்குள்ளும் புகக்கூடியது. எலியின் மூளையில் அவர்கள் செலுத்திய பரம்பரையலகு நரம்புக் கலங்களில் நிலைத்து வேலை செய்தது. எந்தக் குணத்தினால் அவ்வைரசு மனிதருக்கு யமனாயிற்றோ, அதே குணத்தினால் அது ஆராய்ச்சிக்கு உபகாரியாயிற்று.

யமனின் பாசத்தைப் பிடுங்கிய விதம் நுட்பமானது. எச்.ஐ.வி.க்கு உள்ளவை ஒன்பது பரம்பரையலகுகள். இன்று பெரும்பாலும் வழங்கும் மூன்றாந் தலைமுறை வாகனத்தில் அவற்றுள் மூன்று மாத்திரமே மிஞ்சியிருக்கின்றன. அம்மூன்றும் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் இராமல் இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. மேலுறைக்கு எச்.ஐ.வி.யின் புரதத்தை விலக்கி, கால்நடைகளின் வாயில் கொப்புளம் போடும் வேறொரு வைரசின் புரதத்தை மூன்றாவது வளையத்திலிருந்து தருவிக்கிறார்கள். அவ்வுறை மனிதக் கலங்களில் ஏறத்தாழ எல்லா வகையோடும் ஒட்டும். நான்காவது வளையத்தில்தான் நாம் செலுத்த விரும்பும் பரம்பரையலகும் அதன் முத்திரையும் இருக்கின்றன. கூட்டுக்குள் ஏற்றப்படுவதற்கான அடையாள வரிசை அந்த நான்காவதற்கு மட்டுமே உண்டாகையால், துணிக்கை கலத்துக்குள் நுழைந்து தன் சரக்கை இறக்கிய பின் மீண்டும் தன்னைப் பெருக்கிக்கொள்ள அதனிடம் முதல் இல்லை. போதாதென்று, வாகனத்தின் ஓரத்திலிருந்த ஊக்குவிப்பு வரிசையையும் நறுக்கிவிட்டார்கள். நிறமூர்த்தத்தில் பதிந்த கணத்திலேயே அது தானாகச் செயலிழந்துவிடும்.

துணிக்கைகளை ஆக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். 1973இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் மனிதச் சிறுநீரகக் கலங்களிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு கலவரிசையின் வழித்தோன்றலே இதற்கு வழமையாகப் பயன்படுகிறது. வட்டத் தட்டின் அடியில் அக்கலங்கள் முக்காற் பங்கு நிரம்பியிருக்கும். மேலே இளஞ்சிவப்பு நிறத்துப் போஷணைத் திரவம். நான்கு வளையங்களையும், டி.என்.ஏ.யைச் சுற்றிக்கொண்டு கலத்துக்குள் இழுத்துச் செல்லும் ஒரு பல்பகுதியத்தோடு கலந்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, துளித் துளியாகத் தட்டின் எங்கும் விடுகிறார்கள். மறுநாள் திரவத்தை மாற்றுகிறார்கள். நாற்பத்தெட்டாம் மணியிலும் எழுபத்திரண்டாம் மணியிலும் மேலே நிற்கும் திரவத்தை, அப்போது அது மஞ்சள் கலந்து மங்கியிருக்கும், உறிஞ்சியெடுத்து, உதிர்ந்த கலங்கள் சேராதபடி 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிகட்டியில் வடித்து, அதிவேகச் சுழற்சியில் அடியிற் படியவைத்து, மிகச் சிறிய குழாய்களிற் பங்கிட்டு, பூச்சியத்துக்குக் கீழ் எண்பது பாகையில் வைக்கிறார்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் தை மாதத்து உறைபனி கொழுந்தைக் கருக்குகின்ற நுவரெலியாக் குளிரெல்லாம் இந்தத் துணிக்கைகளுக்குக் கோடை வெயில். உருக்கி மீண்டும் ஒருமுறை உறையவைத்தாலும் அவற்றிற் கணிசமான பங்கு மாண்டுபோகும்.

ஒரு துணிக்கையின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இத்தகையவற்றை எண்ணுவதில்தான் ஆரம்ப ஆராய்ச்சியாளர் பலர் ஏமாறுகின்றனர். கூட்டின் உட்புரதத்தை அளந்து தொகை சொல்வது ஒரு முறை. அதில் சரக்கேற்றாத வெறுங்கூடுகளும் சேர்ந்தே எண்ணப்படும். உண்மையில் எத்தனை கலங்களுக்குள் பரம்பரையலகு பதிந்தது என்று பார்த்து எண்ணுவது மற்றொன்று. முதற் கணக்கு இரண்டாவதைவிடப் பன்மடங்கு பெரிதாயிருக்குமாதலால், குப்பியின் மேல் ஒட்டிய எண் எந்த முறையில் வந்தது என்று கேளாமல் அளவு தீர்மானிப்பது வீண். கலத்துக்கு ஒரு துணிக்கை வீதம் ஊற்றினாலும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒவ்வொன்று கிடைத்துவிடாது. வாய்ப்பின் கணிதப்படி நூற்றுக்கு முப்பத்தேழு கலங்கள் ஒன்றும் பெறாமலே நிற்க, வேறு சில இரண்டும் மூன்றும் பெற்றுவிடும். பெரும்பாலான கலங்களில் ஒரே பிரதி பதிய வேண்டுமென்றால், பத்துக் கலங்களுக்கு மூன்று துணிக்கைகள் என்ற அளவில் சிக்கனமாக ஊற்றி, பதியாதவற்றை மருந்திட்டுக் கழித்துவிட வேண்டும்.

இனி முத்திரை. மனிதக் கலத்துக்குள் மனிதப் பரம்பரையலகையே செலுத்தும்போது எழும் சங்கடம் வெளிப்படை: அந்தப் புரதம் அக்கலத்தில் முன்னமே இருக்கிறது; புதிதாக வந்தது எது, பழையது எது என்று பிரித்தறிய வழியில்லை. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நாற்றுமேடையில் ஓரிலைத் தண்டாக நட்ட தேயிலைக் கன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: 2025 என்று இலக்கமிட்ட இனமும் அதன் சகோதர இனங்களும் அந்தப் பிராயத்தில் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், பாத்தியின் தலைப்பில் இலக்கமெழுதிக் குத்திய தகடு விழுந்துவிட்டால், பின்னர் மலையில் நட்டு வளர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

ஆய்வுகூடத்துத் தகடுகள் பலவகை. எட்டு அமினோ அமிலங்களாலான ‘ஃபிளாக்’ என்பதும், பத்து அமினோ அமிலங்களாலான ‘மிக்’ என்பதும் விற்பனைக் குப்பிகளில் சேர்ந்தே வருபவை. அவற்றையே தேடிப் பிடிக்கின்ற பிறபொருளெதிரிகள் கடையிற் கிடைக்குமாதலால், இதுவரை எவரும் பிறபொருளெதிரி ஆக்காத புரதத்தையும் கண்டுகொள்ளலாம் என்பது அவற்றின் விசேஷம். கலத்தைச் சிதைக்காமல் உயிரோடேயே பார்க்க விரும்புவோர், கடலிழுதொன்றிலிருந்து எடுத்த பச்சை ஒளிர்புரதத்தைப் பொருத்துகிறார்கள். நீல ஒளி பட்டால் புரதம் இருக்கும் இடமெல்லாம் பச்சையாகச் சுடர்விடும். எச்.ஐ.வி.யைக் கண்டவர்களுக்கு வைத்தியத் துறையிலும், இந்த ஒளிர்புரதத்தை ஆய்ந்த ஷிமோமுரா, சால்ஃபி, சியென் ஆகியோருக்கு இரசாயனத் துறையிலும் 2008 என்ற ஒரே ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. வாகனமும் முத்திரையும் ஒரே மேடையில் கௌரவிக்கப்பட்டன என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆனால் முத்திரை வாய்மூடிக் கிடக்கும் பொருளன்று. ஒளிர்புரதம் 238 அமினோ அமிலங்கள் நீளமுடையது. தன்னிலும் சிறிய புரதத்தின் வாலில் அதைக் கட்டிவிட்டு, அப்புரதம் இயல்பாக நடமாடுகிறது என்று எழுதுவது துணிச்சல். சிறிய முத்திரையும் விபரீதம் விளைக்கக்கூடும். கலத்தை விட்டு வெளியேறும் புரதங்களின் முன்முனையில் வழிகாட்டும் துண்டொன்று உண்டு. அது பாதி வழியில் வெட்டி எறியப்படும். முத்திரையை அத்துண்டுக்கும் முன்னே வைத்தவர், புரதம் உண்டாகவேயில்லை என்று முடிவுகட்டுவார். உண்மையில் புரதம் இருக்கிறது, முத்திரைதான் போய்விட்டது. சில புரதங்களின் கடைசி நான்கு அமினோ அமிலங்களே அவை கலத்தின் உள்ளறையில் தங்க வேண்டுமென்று கட்டளையிடுபவை. அதற்குப் பின்னால் முத்திரையைத் தொங்கவிட்டால் கட்டளை மறைந்து, புரதம் அறையை விட்டு வழிதவறும். இவற்றோடு மிகைச் சுரப்பு என்னும் தோஷமும் சேர்கிறது: வலிய ஊக்குவிப்பு வரிசை ஒன்று இயற்கை அளவைவிடப் பன்மடங்கு புரதத்தை உண்டாக்கும்போது, அது தனக்குரியதல்லாத இடங்களிலும் போய் ஒட்டிக்கொள்கிறது; அதை ஒரு கண்டுபிடிப்பென்று பிரசுரித்தவர்களும் உண்டு. முன்முனையிலும் பின்முனையிலும் தனித்தனியே முத்திரையிட்டு ஒப்பிடுவது, முத்திரையில்லாத பரம்பரையலகையும் வெறும் வாகனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, கலத்தின் சொந்தப் பரம்பரையலகை நீக்கிவிட்டு முத்திரையிட்டது அதன் வேலையைச் செய்கிறதா என்று சோதிப்பது ஆகிய இவையே இதற்குப் பரிகாரம். கடைசியாகச் சொன்னதே என் மதிப்பில் உரைகல்; அதுவே அதிக உழைப்பை வேண்டுவதாதலால் அதிகம் கைவிடப்படுவதும்.

குருதி வழிச் சம்பந்தம் என்றேன். குருதியில் ஈமோகுளோபின் போதியளவு உண்டாகாத பரம்பரை நோயாகிய தலசீமியா இலங்கையில் பெரியதொரு சுகாதாரப் பிரச்சினை. டேவிட் வெதரோல் அவர்களின் ஒக்ஸ்ஃபோர்ட் குழுவும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, எக்காலத்திலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் சிகிச்சை வேண்டி நிற்பர் என்று கணித்தது. அவர்களில் கணிசமானோர் ஒரு பெற்றோரிடமிருந்து தலசீமியாவையும் மற்றவரிடமிருந்து ஈமோகுளோபின் ‘ஈ’ என்ற மாறுபாட்டையும் பெற்றவர்கள். குருநாகலிலும் றாகமையிலும் இதற்கான விசேஷ நிலையங்கள் இயங்குகின்றன. மலேரியா மலிந்த நிலங்களிலேயே இத்தகைய குறைகள் நிலைத்தன என்பது 1949இல் உயிரியலாளர் ஹால்டேன் எடுத்துரைத்த கருத்து. அதை வைத்து, மலேரியா வேரூன்றாத உயர்ந்த மலைகளில் இக்கவலை இல்லை என்று கூறுவாரும் உண்டு. அது பிழையான தர்க்கம். ஹட்டனின் உயரம் ஹட்டனில் வாழ்பவரின் பரம்பரையலகுகளைத் தீர்மானிப்பதில்லை. அங்கு கொழுந்தெடுப்போரின் முன்னோர், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரச் சமவெளிகளிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துவந்தவர்கள், அக்காட்டு வழியில் காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் உறவினரைப் பலிகொடுத்தவர்கள், தங்கள் பரம்பரையைச் சமவெளியிலிருந்தே கொண்டுவந்தார்கள்.

2007இல் பிரான்சில் ஒரு பதினெட்டு வயது இளைஞருக்கு, அவருடையதும் இந்த ‘ஈ’ கலந்த தலசீமியாவே, என்பு மச்சையிலிருந்து எடுத்த மூலக்கலங்களில் லென்டிவைரசு துணிக்கையால் பீற்றா குளோபின் பரம்பரையலகைப் பதித்துத் திரும்பச் செலுத்தினார்கள். ஏறத்தாழ ஓராண்டில் அவர் பிறர் குருதி பெறுவதிலிருந்து விடுபட்டார். அந்தப் பரம்பரையலகு முற்றும் இயற்கையானதன்று. எண்பத்தேழாம் ஸ்தானத்தில் திரியோனைன் இருக்கவேண்டிய இடத்தில் குளூட்டமைனை வைத்திருந்தார்கள். அரிவாட்கல நோயில் ஈமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கலத்தை வளைப்பதை அம்மாற்றம் தடுக்கும் என்பது அதன் முதல் நோக்கம். அதனால் விளைந்த இரண்டாவது பயன் எனக்கு அதனினும் முக்கியமாகப் படுகிறது. தலசீமியா நோயாளரின் உடலில் தானம் பெற்ற குருதியின் இயல்பான ஈமோகுளோபின் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பதித்த பரம்பரையலகும் அதையே உண்டாக்கினால், சிகிச்சை பலித்ததா, சென்ற மாதத்துக் குருதிதான் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரேயொரு அமினோ அமிலத்தின் வேற்றுமை அதைச் சொல்லிவிட்டது: அவருடைய ஈமோகுளோபினில் மூன்றிலொரு பங்கு வாகனத்திலிருந்து வந்ததென்று அளந்து காட்ட முடிந்தது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஈமோகுளோபின் ‘ஈ’ என்பதில் அமிலத்தன்மையுள்ள ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் காரத்தன்மையுள்ளது வந்துவிடுவதால், மின்னேற்றம் மாறி, சாதாரண மின்புலச் சோதனையிலேயே அது விலகி நிற்கும். திரியோனைனும் குளூட்டமைனுமோ இரண்டும் மின்னேற்றமில்லாதவை. மின்னேற்றத்தைக் கொண்டு பிரிக்கும் கருவியில் முத்திரையிட்டதும் இடாததும் கூடியே வந்துவிடும். நீரை விலக்கும் தன்மையைக் கொண்டு குளோபின் சங்கிலிகளைத் தனித்தனியே பிரிக்கும் வேறொரு முறையைக் கையாண்டே அதைக் கண்டார்கள்.

இதே பரம்பரையலகை ஏற்றிய வாகனமே 2022இல் தலசீமியாவுக்கும், 2023 டிசம்பரில் அரிவாட்கல நோய்க்கும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அப்போதைய விலை முறையே 2.8 மில்லியன், 3.1 மில்லியன் டொலர். அரிவாட்கல நோயும் நமக்கு அந்நியமன்று. நீலகிரியின் ஆதிவாசிகளிடையே அரிவாட்கலக் குணம் இருப்பதை ஆய்வாளர்களான லேமனும் கட்புஷ்ஷும் 1952இல் வெளியிட்டார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர் குடியேறிய கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அந்த ஆதிவாசிகளே அயலவர்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்நோய்க்கும் நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருகிறது. மாத்திரையும் தடுப்பூசியும் தவறாமல் கிடைப்பதே பாக்கியமாயிருக்கும் அவ்விடத்தில் மூன்று மில்லியன் டொலர்ச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது பரிகாசமாகத் தோன்றலாம். தோன்றினாலும், அச்சிகிச்சை யாருடைய நோய்க்கென ஆக்கப்பட்டதோ அவர்கள்தாம் அங்கே இருக்கிறார்கள்.

அபாயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய ரெட்ரோவைரசு வாகனத்தால் பாரிஸில் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தபோது, புற்றுநோயைத் தூண்டும் பரம்பரையலகொன்றின் பக்கத்தில் அது பதிந்து, 2002 முதல் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. லென்டிவைரசு வாகனம் அதனினும் சாதுவானது என்ற நம்பிக்கை பொதுவில் மெய்யே. ஆயினும், மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட லென்டிவைரசு சிகிச்சையில் 67 பேருக்கு 7 பேர் என்ற வீதத்தில் குருதிப் புற்றுநோய் தோன்றியதாக 2024இல் வெளிவந்தது. அவ்வாகனத்தில் வைத்திருந்த ஊக்குவிப்பு வரிசை மிகவும் வலியது. பிரான்ஸ் இளைஞரிடத்திலும் பதிந்த கலங்களிற் பெரும்பங்கு ஒரே கலத்தின் சந்ததியாய்ப் பெருகியிருந்தமை முன்னரே ஓர் எச்சரிக்கை. அவருக்கு அது தீங்காக முடியவில்லை.

வேலூர் மீண்டும் வருகிறது. எந்தக் கல்லூரியில் 1986இல் ஆறு மாதிரிகள் மஞ்சளாயினவோ, அதே கல்லூரியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, கடுமையான ஈமோபீலியா ‘ஏ’ நோயுள்ள ஐவருக்கு லென்டிவைரசு வாகனத்தால் எட்டாம் உறைகாரணிப் பரம்பரையலகைப் பதித்த செய்தி 2024 டிசம்பரில் பிரசுரமாயிற்று. அனைவரையும் சேர்த்து 81 மாதங்கள் அவதானித்ததில் அவர்களுக்குக் குருதிக்கசிவு ஒருமுறைகூட நேரவில்லை. அந்த உறைகாரணி மனிதருடையதோடு பன்றியினுடைய சில பகுதிகளையும் இணைத்து ஆக்கியது. தனி முத்திரை எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. கடுமையான ஈமோபீலியாவில் அக்காரணி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகையால், வெளியிலிருந்து ஊசிமூலம் ஏற்றுவதை நிறுத்திய பின் குருதியிற் காண்பதெல்லாம் புதிதாகப் பதிந்ததன் விளைச்சலே. வெறுமையே அங்கு முத்திரையின் வேலையைச் செய்துவிட்டது.

தலசீமியாவில் அந்த வசதி இல்லை. மாதந்தோறும் ஏற்றும் பிறர் குருதி பின்னணியை நிரப்பிக்கொண்டே இருக்கும். குருநாகலிலோ றாகமையிலோ கண்டியிலோ என்றேனும் இச்சிகிச்சை ஆரம்பமாகுமானால், அதற்கு வெகு முன்னரே நிறுவ வேண்டியது, மின்னேற்றமில்லாத அந்த ஒற்றை வேற்றுமையைப் பிரித்துக் காட்டும் கருவியும், அதை நாள்தோறும் இயக்கிப் பழகிய ஆய்வுகூடத்தாரும். பேராதனை வைத்திய பீடத்து மாணவர் ஒருவர் இறக்குமதி செய்த முத்திரைக் குப்பியொன்றை உருக்கி, முன்முனையிலும் பின்முனையிலும் முத்திரையிட்ட இரண்டையும் ஒப்பிட்டு, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி அந்த ஏற்பாட்டின் முதற் பாகமாயிருக்கும்.